ஆப்பச் சட்டிச் சூடு

பெருமாள்சாமியின் பட்டறை வாசலில் தொங்கிய தகரப் பலகையில் 'டீசல் இஞ்சின் மட்டும்' என்று எழுதியிருந்தது. 'மட்டும்' என்ற சொல்லுக்கு அடியில் இரண்டு கோடுகள். பலகை எழுத வந்தவன் ஒரு கோடுதான் போட்டான். பெருமாள்சாமி பக்கத்தில் நின்று இன்னொன்றும் போட்டு வாங்கினான். அது 1986. சங்கரன்கோவிலில் தறி வைத்திருப்பவர்களும் பள்ளிக்கூட வாத்தியார்களும் மொபெட் வாங்கத் தொடங்கியிருந்தார்கள். புளியங்குடி ரோட்டில் அவன் பட்டறைக்கு எதிரிலேயே ஒரு மொபெட் கடை வந்துவிட்டது. அங்கே எப்போதும் நாலு பேர் நின்றார்கள். பெருமாள்சாமி லாரி, டிராக்டர், பம்புசெட் தவிர எதையும் தொடுவதில்லை. யாராவது விவரம் தெரியாமல் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினால், "தையல் மிஷினுக்கு எதுத்த கடைக்குப் போவும்வே" என்பான்.

அப்படிப்பட்டவனின் பட்டறைக்கு ஆனி மாதத்தில் ஒரு காலை செல்லச்சாமி இரண்டு கம்புகளை ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். பின்னால் யாகூப் ஓர் அட்டைப்பெட்டியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி வந்தார். யாகூப் சரக்குக் கப்பலில் சமையல்காரர். வருசத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். அவரும் செல்லச்சாமியும் சின்ன வயதில் ஒரே லாரியில் கிளீனர்களாக இருந்தவர்கள்.

"சொல்லி அனுப்பியிருந்தா நான் வீட்டுக்கு வந்திருப்பேம்லா அண்ணாச்சி" என்றான் பெருமாள்சாமி, அவர் உட்கார ஒரு பழைய டயரை உருட்டிப் போட்டு.

"வண்டிதாம்லே பட்டறையத் தேடி வரணும். பட்டறை வண்டியத் தேடிப் போவக் கூடாது" என்றார் செல்லச்சாமி.

யாகூப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு முழ நீளத்தில் ஒரு லாரி. மஞ்சள் நிறம். பின்னால் சரக்கு ஏற்றத் திறந்த தட்டு. சக்கரங்கள் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத பெரிய ரப்பர் சக்கரங்கள். அடியில் சுருள் வில்கள். பெருமாள்சாமி அதைத் தூக்கிப் பார்த்து, விளையாட்டுச் சாமான் என்று நினைத்து வைக்கப் போனவன், முன்பக்க மூடியை எடுத்ததும் நிறுத்தினான். உள்ளே இஞ்சின். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. சிலிண்டர், அதன் மேல் அடுக்கடுக்காகச் சூடு ஆற்றும் தகடுகள், ஒரு சுண்டுவிரல் கனத்தில் புகைக்குழாய், இழுத்து ஸ்டார்ட் பண்ண ஒரு கயிறு.

"பேட்டரி இல்லியா?"

"நெசமான இஞ்சின். கப்பல்ல இருந்த ஜப்பான்காரரு வேலைய விட்டுப் போகும்போது குடுத்துட்டுப் போனாரு. பெட்ரோலும் கெடையாது, டீசலும் கெடையாது. இந்தா, இந்த டின்ல இருக்கதத்தான் ஊத்தணும். நைட்ரோன்னு சொல்லுவாரு. இந்த ரிமோட்ட கையில வச்சிக்கிட்டு நூறடி தள்ளி நின்னு ஓட்டலாம்." யாகூப் தலையைச் சொறிந்தார். "ஆனா ரெண்டு நிமிசந்தான். சூடாயி நின்னுருது. அவரு இருந்தவரைக்கும் நல்லாத்தான் ஓடிச்சி. கப்பல்ல கண்டவனும் எண்ண போற ஸ்க்ரூவ உள்ளயும் வெளியயுமாத் திருகிப் பாத்துட்டான்."

ரிமோட்டில் வளையல் அளவுக்கு ஒரு ஸ்டியரிங் இருந்தது. செல்லச்சாமி அதைப் பார்த்தார், தொடவில்லை.

"ஏலே பெருமாளு" என்றார். "ஒரு தடவ ஓட்டணும். கை மறக்கதுக்கு முன்னால."

அதைக் கேட்டதும் பெருமாள்சாமிக்குக் கையிலிருந்த ஸ்பேனரை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. செல்லச்சாமி அவனிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

மூன்று வருசத்துக்கு முன்னால் பெருமாள்சாமியின் மனைவி சுப்புலட்சுமி பிரசவத்துக்கு இளையரசனேந்தலில் தாய்வீட்டில் இருந்தாள். ஒரு நாள் விடிந்த நேரத்தில் வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று நர்ஸம்மா கையை விரித்துவிட்டாள். பஸ் இல்லை. அவளைப் பார்க்க முந்தின நாள் வந்திருந்த பெருமாள்சாமி ரோட்டின் நடுவில் போய் நின்றான். புளியங்குடியிலிருந்து எலுமிச்சம்பழ மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த செல்லச்சாமியின் லாரி அவன் முன்னால் நின்றது. அவன் சொல்லி முடிக்கவில்லை. செல்லச்சாமி தட்டில் ஏறி மூட்டைகளை ரோட்டோரம் இறக்க ஆரம்பித்துவிட்டார். மூட்டை மேலே படுக்க வைத்தால் வயிறு குலுங்கும் என்று பாதித் தட்டைக் காலி செய்து, வைக்கோல் பரப்பி, அவளைப் படுக்க வைத்து, ஒரு பள்ளத்தில்கூடச் சக்கரத்தை விடாமல் பாளையங்கோட்டை கொண்டுபோய்ச் சேர்த்தார். திரும்பி வந்து பார்க்கும்போது மூட்டைகளை ஆடுகள் பிரித்துப் போட்டிருந்தன. மீதி வெயிலில் வெந்து கிடந்தது. பழ மண்டிக்காரரிடம் அவர் என்ன சொல்லிச் சமாளித்தார் என்று இன்றுவரை பெருமாள்சாமிக்குத் தெரியாது.

நன்றி என்பது மைக்கில் பேசுகிறவர்கள் சொல்லும் சொல். புளியங்குடி ரோட்டில் யாரும் யாரிடமும் முகத்தைப் பார்த்து அதைச் சொன்னதில்லை. பெருமாள்சாமி எப்படியாவது சுற்றி வளைத்துப் பேச்சைத் தொடங்கினால் செல்லச்சாமி வெட்டிவிடுவார். "விடுலே. பழம் அழுகுனா அழுகிட்டுப் போவுது. புள்ள அழுதுச்சில்லா, அது போதும்." பெண்பிள்ளைக்குச் செல்லத்தாய் என்று பெயர் வைத்தார்கள். அதற்கும் அவர் "வேற பேரே கெடைக்கலியாலே" என்றுதான் கேட்டார்.

பிள்ளைக்கு ஒரு வயது முடிந்த மழைக்காலத்தில், ஆரியங்காவு மலை இறக்கத்தில் ரோடு அப்படியே உள்வாங்கி லாரி சரிந்தது. செல்லச்சாமிக்கு இடுப்பு எலும்பு உடைந்தது. கம்பு ஊன்றி நடக்கலாம், கிளச்சை மிதிக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெருமாள்சாமி ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடந்தான். அவர் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. பட்டறையில் வந்து சும்மா உட்காருங்கள் என்றதற்கும் வரவில்லை. இன்றைக்குத்தான் தானாக வந்திருக்கிறார், ஒரு வேலையோடு.

"நாளைக்கே ஓட்டிரலாம் அண்ணாச்சி" என்றான் பெருமாள்சாமி.

யாகூப்புக்கு அன்று மத்தியானம் ரயில். போகும்போது பெருமாள்சாமியிடம் தனியாகச் சொன்னார். "உள்ள இருக்கற பிஸ்டன் போச்சின்னா அவ்வளவுதான் பாத்துக்க. மெட்ராஸ்லயும் கெடைக்காது. எண்ணெயும் டின்ல பாதிதான் இருக்கு. செல்லச்சாமி கரை தட்டுன கப்பல் மாதிரி கெடக்கான், நகர மாட்டேங்கான். நீ பாத்துச் செய்யி."

மறுநாள் காலை தறிக்காரர்கள் பக்கத்து மைதானத்தில் தறிக்கு நூல்பாவு நீட்டி முடித்துச் சுருட்டிக்கொண்டு போனதும் பெருமாள்சாமி வேலையைத் தொடங்கினான். செல்லச்சாமி டயரில் உட்கார்ந்திருந்தார். ரிமோட்டை நீட்டியபோது வாங்கவில்லை. "வண்டி ரெடியாவட்டும். பெறவு தொடுதேன்."

டார்ச் லைட் செல்லில் வயரைப் பிடித்துப் பிளக்கின் கம்பியைப் பழுக்க வைத்து, கயிற்றை நாலு தடவை இழுத்ததும் இஞ்சின் பிடித்தது. குளவி கத்துவதுபோல ஒரு சத்தம். கூடவே புகை. நீலமும் வெள்ளையுமாகக் குபுகுபுவென்று வந்தது. புகைக்குழாயிலிருந்து எண்ணெய் சொட்டியது.

அடுத்த கடையிலிருந்து ஞானபூரணம் தோசைக் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். பத்து வருசமாக அங்கே இட்லிக் கடை வைத்திருப்பவள். காலையில் தோசை, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்தபின் ஆப்பம். புளியங்குடி ரோட்டில் லாரி ஓட்டிய எல்லோருக்கும் அவள் கைச் சட்னி தெரியும்.

"என்ன பெருமாளு, வெளக்கெண்ண வாடை இந்த அடி அடிக்கி. யாருக்குப் பேதிக்குக் குடுக்கே?"

"இந்த லாரிக்குத்தாங்கா."

"குடுத்தது கேட்டுட்டு போலிருக்கே. அங்கன சொட்டுது பாரு."

செல்லச்சாமி சிரிக்கவில்லை, ஆனால் மீசையைத் தடவிக்கொண்டார்.

பெருமாள்சாமிக்குப் புகையைப் பார்த்ததுமே நோய் புரிந்துவிட்டது. இருபது வருசமாக அவன் கை தப்பாத விதி ஒன்று உண்டு. லாரி கரும்புகை விட்டால் டீசல் அதிகமாகப் போகிறது. டீசல் அதிகம் போனால் இஞ்சின் காயும். பம்பில் கொஞ்சம் குறைத்தால் புகையும் அடங்கும், சூடும் அடங்கும். இந்தக் குட்டி இஞ்சினில் எண்ணெய் போகும் வழியில் ஒரு பித்தளை ஸ்க்ரூ இருந்தது. அதன் நுனி ஊசி மாதிரி. உள்ளே திருகினால் வழி அடையும். அவன் ஸ்க்ரூ டிரைவரை வைத்து அரைச் சுற்று உள்ளே திருகினான்.

உடனே பலன் தெரிந்தது. புகை மெலிந்தது. சத்தம் தெளிந்து மேலே ஏறியது. ரிமோட்டின் விசையை அழுத்தியதும் லாரி மைதானத்தில் பாய்ந்து போனது. பெருமாள்சாமி திரும்பிச் செல்லச்சாமியைப் பார்த்தான். அவர் கம்பை ஊன்றி எழுந்து நின்றிருந்தார்.

இரண்டு நிமிடம். சத்தம் கீச்சென்று ஆனது, லாரி நின்றது. போய்த் தொட்டவன் விரலை வாயில் வைத்துக்கொண்டான்.

"இன்னும் கொஞ்சம் கொறைக்கணும்" என்றான்.

ஆறவிட்டு, இன்னும் கால் சுற்று திருகினான். ஒன்றரை நிமிடத்தில் நின்றது. வெயில்தான் காரணம் என்று மறுநாள் ஏழு மணிக்கே, பாவுக்காரர்களிடம் கெஞ்சி ஓர் ஓரம் வாங்கி ஓட்டிப் பார்த்தான். மேற்கே சாரல் விழுந்து காற்று குளுகுளுவென்று வந்துகொண்டிருந்தது. அப்போதும் நின்றது. தகரத்தை வெட்டி, காற்றை இஞ்சின் மேல் திருப்பிவிட ஒரு மூடி செய்து மாட்டினான். ஈரத்துணி சுற்றினான், துணி ஆவி விட்டதுதான் மிச்சம். ஒவ்வொரு தடவையும் ஸ்க்ரூவை இன்னும் ஒரு நூல் உள்ளே திருகினான். அவன் திருகத் திருக, இஞ்சின் சீக்கிரம் சீக்கிரமாகக் காய்ந்தது.

மூன்றாம் நாள் அது சத்தமே இல்லாமல் நின்றது. கயிற்றை இழுத்தான், வரவில்லை. பிஸ்டன் பிடித்துக்கொண்டது.

பெருமாள்சாமி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். லாரி இஞ்சின் பிடித்துக்கொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். இதற்கு உள்ளே கையைவிடக்கூட இடமில்லை. தறிகளின் சத்தம் மட்டும் தெருவுக்குள்ளிருந்து வந்துகொண்டே இருந்தது. இஞ்சின் ஆறியபின் அவன் கயிற்றை மெதுவாக, பல்லைப் பிடுங்குவதுபோல இழுத்தான். ஒரு கரகரப்போடு விட்டுக்கொடுத்தது. இன்னொரு தடவை இப்படிப் பிடித்தால் பிறகு விடாது.

"விடுலே" என்றார் செல்லச்சாமி. "ஓடுனதப் பாத்துட்டேன். அது போதும்."

வழக்கமாக அவர் சொல்லும் அதே 'விடுலே', அதே 'அது போதும்'. இந்தத் தடவை அதைக் கேட்க அவனால் முடியவில்லை. டின்னைக் குலுக்கிப் பார்த்தான். ஒரு செம்பு அளவுக்கு இருந்தது.

மறுநாள் காலை செல்லச்சாமி வரவில்லை. பெருமாள்சாமி வண்டியை இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்து, அதையே பார்த்துக்கொண்டு நின்றான். ஞானபூரணம் கடைக் கூட்டம் ஓய்ந்து, தட்டுக்கழுவிய ஈரக்கையோடு வந்தாள்.

"டிரைவரண்ணாச்சி வரலியா?"

"வரல. ஸ்டார்ட் பண்ணவே பயமா இருக்குக்கா. இன்னொரு தடவ காஞ்சா முடிஞ்சி போச்சி."

"எங்கன, பண்ணு பாப்போம். காயுதா காயலியான்னு நான் சொல்லுதேன்."

"நீங்க எப்பிடிச் சொல்லுவீய?"

"தெனமும் இருநூறு தோச சுடுதேன்" என்றாள் ஞானபூரணம். "காய்ச்சலப் பாக்க டாக்டரு வச்சிருக்க குழாயா வச்சிருக்கேன் கல்லுக்கு?"

அவன் அரை மனதோடு ஸ்டார்ட் செய்தான். பயத்தில் முந்தின நாளே ஸ்க்ரூவை முதல் நாள் இருந்த இடத்துக்குத் தளர்த்தி வைத்திருந்தான். நீலப்புகை கிளம்பியது. ஞானபூரணம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, விரல் நுனியால் ஒரு சொட்டு நீரை இஞ்சின் தலையில் உதறினாள். சொட்டு அப்படியே உட்கார்ந்தது. கொஞ்சம் கழித்து ஓரத்தில் லேசாக நுரைத்தது.

"இது இட்லி அவிக்கக்கூடக் காணாது" என்றாள். "சுடவே இல்லியே. இதுக்கா மூணு நாளா அழுதிய?"

"இப்பந்தான பத்த வச்சிருக்கு. புகைய நிறுத்துனாத்தான ஓடும். பாருங்க." அவன் அரைச் சுற்று உள்ளே திருகினான். புகை அடங்கியது, சத்தம் ஏறியது. ஒரு நிமிடம் போனதும் அவள் மறுபடி உதறினாள். சொட்டு முத்தாக உருண்டு, தகட்டுக்குத் தகடு துள்ளிக் காணாமல் போனது.

"நிறுத்துலே நிறுத்து. கல்லு எரியுது."

அவன் எண்ணெய் போகும் குழாயை விரலால் அமுக்கி நிறுத்தினான். ஞானபூரணம் விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, சமையலில் உப்புக் குறைவதைச் சொல்லும் அதே குரலில் சொன்னாள்.

"புகையும்போது ஆறிக் கெடக்கு. புகைய நிறுத்துனாக் காயுது. நீ என்னடான்னா காயுது காயுதுன்னு புகைய நிறுத்துதே."

"புகைஞ்சா எண்ண ஜாஸ்தி போவுதுன்னு அர்த்தம்க்கா. ஜாஸ்தி போனா ஜாஸ்தி எரியும். ஜாஸ்தி எரிஞ்சா..."

"தோசக் கல்லு காஞ்சி போச்சின்னா நான் என்ன செய்வேன்?"

"வெறக இழுப்பீய."

"வெறக இழுத்தா ஆறதுக்கு அரமணி நேரம் ஆவும். கூட்டம் நிக்கும்போது முடியுமா? மாவ ஊத்துவேன். ஒரு கரண்டி மாவ ஊத்துனா கல்லு அந்தால அடங்கும். ஊத்தாம வச்சிருந்தாத்தான் காயும். இது வயித்துக்கு நீ மாவே ஊத்த மாட்டேங்கே. பட்டினி போட்டா காயாம என்ன செய்யும்?"

பெருமாள்சாமி எண்ணெய் டின்னை எடுத்தான். அவள் விளக்கெண்ணெய் வாடை என்று முதல் நாள் சொன்னது நினைவுக்கு வந்தது. டின்னின் மூடியைத் திறந்து முகர்ந்தான். ஒரு சொட்டை விரல்களுக்கிடையே தேய்த்தான். ஸ்பிரிட் ஆவியாகப் பறந்து விரல் ஜில்லென்று ஆனது. மிஞ்சியது வழவழவென்று ஒட்டியது.

லாரி இஞ்சினுக்குக் கீழே ஆயில் தனியாகத் தேங்கி நிற்கும். இதற்கு அப்படி ஒன்று கிடையாது. இதற்கு வேண்டிய வழவழப்பும் குளிர்ச்சியும் எரிகிற எண்ணெயோடு சேர்ந்தேதான் உள்ளே போகிறது. போகும்போது சூட்டைத் தன்னோடு வாரிக்கொண்டு புகையாக வெளியே வருகிறது. சூட்டைக் குறைக்கிறேன் என்று ஸ்க்ரூவை அடைத்த ஒவ்வொரு தடவையும் அவன் அந்தக் குளிர்ச்சியைத்தான் அடைத்திருக்கிறான். அந்தப் புகை நோய் இல்லை. எதிர்க் கடையில் மொபெட்டுக்குப் பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றுவதை அவன் தினமும் பார்க்கிறான். ரோட்டைத் தாண்டிப் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். கேட்காமல் தடுத்தது பலகையில் போட்டு வாங்கிய அந்த இரண்டாவது கோடு.

"அக்கா" என்றான். "செம்புல தண்ணி கொண்டுட்டு வாங்க. இங்கனயே நில்லுங்க."

ஊசி ஸ்க்ரூவை முழுக்க மூடி, அங்கிருந்து மூன்று சுற்று வெளியே எடுத்தான். அப்படிச் செய்யும்போது அவன் கை அவன் பேச்சைக் கேட்கத் தயங்கியது. இருபது வருசமாகத் திருகிய திசைக்கு எதிர்த் திசை. கயிற்றை இழுத்தான். இஞ்சின் முக்கியது, முனகியது, பட்டறை முழுவதையும் புகையால் நிறைத்தது. ஓட மனமில்லாமல் நின்றது.

"மாவு ஜாஸ்தி" என்றாள் ஞானபூரணம். "வேவல."

அரைக்கால் சுற்று உள்ளே. ஓடவிட்டு, விசையை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்தி, நிறுத்தினான். அவள் நீரை உதறினாள். சொட்டு சும்மா உட்கார்ந்திருந்தது. இன்னும் அரைக்கால். சொட்டு ஓரத்தில் நுரைத்தது. ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் ஆறவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் அரைக்கால் சுற்றுக்கு மேல் அவன் திருகவில்லை. ஒரு வாடிக்கையாளர் வந்து இரண்டு தோசை கேட்டார். "இப்ப ஆவாது, கல்லு இங்கன இருக்கு" என்றாள் ஞானபூரணம். அவர் புரியாமல் நின்று, பிறகு அவரும் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்.

ஆறாவது தடவை, குரல் தெளிந்தது. மெல்லிய நீலக்கோடாகப் புகை மட்டும் விடாமல் வந்துகொண்டிருந்தது. முழு வேகத்தில் ஒரு நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினான். அவள் உதறினாள். சொட்டு உட்கார்ந்தது, கொதித்தது, ஓடவில்லை, துள்ளவில்லை. அவள் விரலை மடக்கி எண்ணினாள். நாலு எண்ணும்போது சுண்டி முடிந்தது.

"இதுக்குமேல போவாத" என்றாள். "தோசக் கல்லு சூடு இதுக்கு ஆவாது. இது ஆப்பச் சட்டிச் சூடு. இதுலயே நிக்கட்டும்."

பெருமாள்சாமி மைதானத்தில் ஐந்து நிமிடம் ஓட்டினான். வந்ததும் அவள் சொட்டு விட்டாள். நாலு. மறுபடி ஐந்து நிமிடம். நாலு. மேலும் ஓட்டினால் எண்ணெய் தீர்ந்துவிடும் என்று நிறுத்தினான். ஸ்க்ரூவின் தலையிலும் பக்கத்துத் தகட்டிலும் ஒரே நேராக ஒரு சிறு கீறல் போட்டு வைத்தான், இனி யார் திருகினாலும் இடம் தெரியட்டும் என்று. டின்னில் ஒரு டம்ளர் மிஞ்சியிருந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு செல்லச்சாமியின் வீட்டுக்குப் போனான்.

"வண்டி ரெடி" என்றான். "எடுக்க வாங்க அண்ணாச்சி."

செல்லச்சாமி அவன் முகத்தைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையை எடுத்து மாட்டினார். இரண்டு வருசத்துக்குப் பிறகு அந்தச் சட்டை.

அவர்கள் வந்தபோது சுப்புலட்சுமி மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கோடு பட்டறையில் நின்றாள். இடுப்பில் செல்லத்தாய். ஞானபூரணம் நாலு எலுமிச்சம்பழம் எடுத்து வைத்திருந்தாள். அந்தப் பட்டறையிலிருந்து இஞ்சின் வேலை முடிந்து எந்த வண்டி போனாலும் சக்கரத்துக்கு அடியில் பழம் வைத்து நசுக்கித்தான் போகும். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரியானாலும் இதில் அவளுக்கு மாற்றுக் கருத்து கிடையாது. பெருமாள்சாமி முறைப்படி நாலு சக்கரத்துக்கும் முன்னால் வைத்து, ஸ்டார்ட் செய்து, ரிமோட்டைச் செல்லச்சாமியிடம் நீட்டினான்.

அவர் அதை இரண்டு கையாலும் வாங்கினார். விசையை அழுத்தினார். லாரி முன்னால் வந்து பழத்தில் முட்டி, மூக்கைத் தூக்கி, வழுக்கிப் பின்னால் இறங்கியது. மறுபடி முட்டியது. பழம் சக்கரத்தில் பாதி இருந்தது.

"ஏலே, மலையக் கொண்டாந்து முன்னால வச்சா எப்பிடி ஏறும்?" செல்லச்சாமி சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். "இஞ்சின் காஞ்சிரப் போவுது. எடுத்து மேல ஏத்து."

நாலு பழத்தையும் பெருமாள்சாமி தட்டில் ஏற்றினான். வரிசையாக, உருளாமல். வில்கள் கொஞ்சம் தாழ்ந்தன.

"லோடு கரெக்ட்" என்றார் செல்லச்சாமி.

லாரி கிளம்பியது. மைதானத்தின் ஓரமாகப் போய், பாவுக் கட்டைகள் நட்டிருந்த இடத்தில் வேகத்தைக் குறைத்து, வளைந்து, நேரானது. அவர் வாயால் இரண்டு தடவை ஹாரன் அடித்தார். அதை அவர் அறிந்து செய்ததாகத் தெரியவில்லை. பள்ளம் ஒன்று வந்தது. ஒரு சக்கரத்தைக்கூட அதில் இறக்காமல் சுற்றிக்கொண்டு போனார். பெருமாள்சாமி லாரியைப் பார்க்கவில்லை. அவன் செல்லச்சாமியின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு திருப்பத்திலும் அவருடைய இடது பாதம் செருப்போடு மண்ணை அழுத்தியது. கிளச்சை மிதித்தது.

மூன்று சுற்று வந்து, லாரியை நேராகச் சுப்புலட்சுமியின் காலடியில் கொண்டுவந்து நிறுத்தினார். பழம் ஒன்றுகூடக் கீழே விழவில்லை. "ரிவர்ஸ் வைக்காம விட்டுட்டானுவ" என்று குறைப்பட்டுக்கொண்டார். பிறகு பிள்ளையைப் பார்த்தார்.

"ஏட்டி செல்லத்தாய், நீ பொறக்கும்போது எறக்க வேண்டிய லோடு. மூணு வருசம் லேட்டு. எறக்கிக்கோ."

பிள்ளைக்கு ஒன்றும் விளங்கவில்லை. இடுப்பிலிருந்து இறங்கி, ஒவ்வொரு பழமாக எடுத்துத் தாயின் முந்தானையில் போட்டாள். சுப்புலட்சுமி முந்தானையை விரித்துப் பிடித்தபடி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஞானபூரணம் குனிந்து விரலை உதறினாள். எல்லோரும் பார்த்தார்கள். சொட்டு உட்கார்ந்தது, கொதித்தது, நாலில் சுண்டியது.

செல்லச்சாமி ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு டயரில் உட்கார்ந்தார். வளையல் அளவு ஸ்டியரிங்கில் அவருடைய கட்டைவிரல் இருந்தது. எடுக்கவில்லை.

"ஏலே பெருமாளு" என்றார். "நீ இப்ப..."

"விடுங்க அண்ணாச்சி" என்றான் பெருமாள்சாமி. மூன்று வருசமாகக் கேட்டுக் கேட்டு அந்த வார்த்தை அவனுக்கும் பழகியிருந்தது. டின்னை எடுத்துக் குலுக்கிக் காட்டினான். "இன்னும் ஒரு டிரிப்புக்கு எண்ண இருக்கு. எங்க போவணும், சொல்லுங்க."

"எங்கன போவ? ஞானத்துக்கு ஒரு பழம் குடுக்கணும்லா" என்றார் செல்லச்சாமி. "ஏத்துலே."